மாஸ்டர் தொடாத தேத்தண்ணி

எங்கள் வீட்டுக்கு வந்து, நான் வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனவர் ஒரே ஒருவர்தான். அவர் கொசோவோக்காரர், முஸ்லிம், கணக்கு வாத்தியார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் கோப்பையை உடைக்காமல் விட்டதே பெரிய காரியம். ஆனால் டென்மார்க்குக்கு வந்த இத்தனை வருடத்தில் யாரை மனதார மதிக்கிறாய் என்று கேட்டால், யோசிக்காமல் அவரைத்தான் சொல்வேன்.

அப்போது நாங்கள் இக்காஸ்டில் குடியிருந்தோம். நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையைப் பூட்டி, இயந்திரங்களையெல்லாம் போலந்துக்கு ஏற்றிவிட்டார்கள். பிறகு என் கணவர் வேலை செய்த இடத்திலேயே எனக்கும் வேலை கிடைத்தது. பிராண்டேயில், காற்றாலைகளுக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலை. காலை வேலைக்கு எங்கள் காரில் மூன்று பேர் போவோம். கணவர் ஓட்டுவார், பக்கத்தில் அந்தக் கொசோவோக்காரர், பின்னால் நானும் எங்கள் சாப்பாட்டுப் பைகளும். அவர் மனைவியோடு எங்கள் தெருக்கோடியில் இருந்தார். பிள்ளைகள் இல்லை.

ஊரில் கணக்குப் படிப்பித்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து என் கணவர் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் வாத்தியார்மார் எல்லோரும் மாஸ்டர்தானே. இங்கே அவர் என்னைப்போல நின்று ஆணி முடுக்குகிறவர், ஆனாலும் மாஸ்டர் மாஸ்டர்தான். அவருக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. யாராவது டேனிஷ்க்காரர் அவருடைய உண்மைப் பெயரைச் சிதைத்துக் கூப்பிட்டால், "மாஸ்டர் என்றே கூப்பிடு" என்பார்.

எங்களுக்குள் பொது மொழி டேனிஷ். அவருடையதும் உடைந்த டேனிஷ், எங்களுடையதும் உடைந்த டேனிஷ். அதனால் ஒருவருக்கும் கூச்சமில்லை. அவருடைய நாட்டுக் கதை முழுவதையும் பிழை விட்டுப் பிழை விட்டு அந்தக் காருக்குள்தான் கேட்டேன்.

கொசோவோ அப்போது தனி நாடில்லை. சேர்பியாவின் கீழே இருந்தது. அங்கே அதிகம் பேர் அல்பேனிய மொழி பேசுகிற முஸ்லிம்கள். அவர்களுடைய மொழியில் படிப்பித்த ஆசிரியர்களையும் படித்த பிள்ளைகளையும் பள்ளிக்கூடக் கட்டடங்களிலிருந்து வெளியே தள்ளிவிட்டார்கள். தள்ளப்பட்டவர்கள் கல்லெடுக்கவில்லை. வீடுகளில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். யாராவது ஒரு வீட்டுக்காரி தன் முன்னறை ஹோலைக் காலையில் காலி செய்து கொடுப்பாள். பிள்ளைகள் கால் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய், தரையில் நெருக்கியடித்து இருப்பார்கள். வாசலில் சப்பாத்துக் குவிந்திருந்தால் பொலிசுக்குத் தெரிந்துவிடும். கரும்பலகை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்திருக்கும். வகுப்பு முடிந்தால் ஒருவர் இருவராகத்தான் வெளியே போகவேண்டும், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து திரும்புகிற மாதிரி. மாஸ்டரைப் பொலிஸ் இரண்டு முறை பிடித்து அடித்தது. இரண்டாவது முறை அவருடைய வலது கை உடைந்து கோணலாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு கரும்பலகையில் இடது கையால் எழுதப் பழகினாராம்.

"ஒரு நாட்டுக்கு முதலில் என்ன வேண்டும்?" என்று ஒரு நாள் காரில் கேட்டார். "ஆமி" என்றார் என் கணவர். மாஸ்டர் இல்லையென்று தலையை ஆட்டினார். "சோக்கட்டி. கரும்பலகையில் எழுதுகிற சோக்கட்டி. நாங்கள் சோக்கட்டியோடுதான் தொடங்கினோம். எங்களுக்கு நாடு இன்னும் கிடைக்கவில்லை, அதற்கு முதலே எங்கள் பிள்ளைகள் எங்கள் பாஷையில் பின்னக்கணக்குப் படித்தார்கள்."

எனக்கு அப்போது பொறாமையாக இருந்தது. மறைத்து என்ன பயன், பொறாமைதான். எங்கள் போராட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஆயுதத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் எங்களில் எத்தனையோ பேர். இப்படிச் சோக்கட்டியைப் பற்றிச் சொல்ல எங்களிடம் ஒருவர் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

இன்னொரு நாள் அவர், "உங்கள் நாட்டில் முஸ்லிம்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார். நான் மன்னாரில் பிறந்தவள், என் பக்கத்து வீடே முஸ்லிம் வீடு. "இருந்தவர்கள்" என்றேன். "எங்கே போனார்கள்?" என்றார். எங்கள் ஆட்களே துவக்கைக் காட்டிப் போகச் சொன்னார்கள் என்று சொல்ல எனக்கு டேனிஷ் வரவில்லை. உண்மையில் அது தமிழிலும் வராது. என் கணவர் ரேடியோவைப் போட்டுவிட்டார்.

இனி எங்கள் காரின் வழியைப் பற்றிச் சொல்லவேண்டும். இக்காஸ்டிலிருந்து பிராண்டேக்குள் போனால், ஊருக்குள்ளால் நேரே ஒரு தெரு இருக்கிறது. அதால் போனால் தொழிற்சாலை வாசலில் இறங்கலாம். என் கணவர் அதால் போகமாட்டார். ஊருக்கு வெளியே திரும்பி, மரம் அரிகிற மரக்காலையைச் சுற்றி, பின் வாசலால் வருவார். பனி கொட்டினாலும் அப்படித்தான், நேரம் பிந்தினாலும் அப்படித்தான். மாஸ்டர் கணக்கு வாத்தியார் அல்லவா, எத்தனை நாள் பொறுப்பார்? "முக்கோணத்தின் இரண்டு பக்கம் மூன்றாவது பக்கத்தைவிடக் கூடவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ ஏன் தினமும் இரண்டு பக்கத்தால் ஓட்டுகிறாய்?" என்று கேட்டார். மதிய இடைவேளையில் நான்தான் அவருக்குக் காரணத்தைச் சொன்னேன்.

என் கணவர் வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள். மூத்தவர், பெரியண்ணை, அந்த நேர்த்தெருவில் குடியிருக்கிறார். நடுவில் என் கணவர். கடைசித் தம்பி ஊரில் ஓர் இயக்கத்தில் இருந்தான். அந்தக் காலத்தில் எங்களிடம் இயக்கங்கள் பல. ஒரே காரியத்துக்கென்று வெளிக்கிட்டவர்கள் ஒருவரையொருவர் சுட்டார்கள். தம்பியை வேறோர் இயக்கம் சுட்டு மதகடியில் போட்டது. தம்பியைச் சுட்ட அந்த இயக்கத்துக்குத்தான் பெரியண்ணை ஆதரவாளர். செய்தி வந்த அன்று இங்கே, இக்காஸ்டில், துக்கம் கேட்க வந்த சனம் எங்கள் ஹோலில் நிறைந்திருக்க, அவர் எல்லோருக்கும் நடுவில் நின்று, "துரோகிக்கு அழ ஏலாது" என்றார். பெற்ற தாயின் வயிற்றில் தனக்குப் பிறகு பிறந்தவனைத்தான் அப்படிச் சொன்னார். என் கணவர் போய் வெளிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பெரியண்ணை வெளியே போனார். பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக இருவருக்கும் கதை பேச்சில்லை.

தம்பியின் நினைவு நாளில் ஒவ்வொரு வருடமும் ஹேர்னிங் கத்தோலிக்கக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுப்போம். வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். துரோகியின் பூசைக்குப் போனார் என்று பெயர் வாங்க யாருக்குத்தான் விருப்பம்? முன்வரிசை வாங்கில் என் கணவர் தனியாக முழங்காலில் நிற்பார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் நிற்பது எனக்குப் பெரிய தண்டனை. அவர் கலகலப்பான மனுசன், கூத்துப் பாட்டெல்லாம் தெரிந்தவர். அந்தப் பகிடியும் பாட்டும் தம்பியோடு போய்விட்டன. எனக்கு என் பழைய மனுசன் வேண்டும். பூசைக்குப் பூசை நான் கேட்டது அதைத்தான்.

மாஸ்டர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, கடித்த பாண் துண்டைத் தாளில் மடித்துப் பைக்குள் திரும்ப வைத்தார்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஆனி மாதம் அவருடைய நாட்டுப் போர் முடிந்தது. அதற்கு முதல் அந்த வருடம் முழுக்க அவர் பட்ட பாட்டைக் கண்கொண்டு பார்க்க முடியாது. அவருடைய கிராமத்தை எரித்துவிட்டார்கள், சொந்தக்காரர் மலைகளால் நடந்து மசிடோனியாவுக்குப் போனார்கள். போர் முடிந்ததும் தொழிற்சாலையில் எல்லோரும் கை குலுக்கினார்கள். அவர் திரும்பிப் போகப் போவதாகச் சொன்னபோதுதான் திகைத்தார்கள். அவருக்கு இங்கே நிரந்தர விசா இருந்தது. "வீடும் இல்லை, கரண்டும் இல்லை, அங்கே போய் என்ன செய்வாய்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். "செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கும்" என்றார் மாஸ்டர். கூரை இல்லாத பள்ளிக்கூடம், ஆனால் இந்த முறை சொந்தக் கட்டடம்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல வெயில். மனுசன் கோட்டுப் போட்டு, சேர்ட்டை மேல் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு, தனியாக வந்திருந்தார். பயணம் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து ஹோலில் இருத்தினோம். நான் இஞ்சி தட்டிப் போட்டு, பால் விட்டு, இழுத்து ஆற்றி நல்ல தேத்தண்ணி ஒன்று கொண்டுவந்து வைத்தேன். பக்கத்தில் மரக்கறி ரோல்ஸ். அவர் நன்றி சொன்னார். தொடவில்லை.

சூடு என்று நினைத்தேன். சூடு ஆறி மேலே ஆடை படிந்தது. தொடவில்லை. பால் பிடிக்காதோ என்று பிளேன் ரீ வைத்தேன். தொடவில்லை. நோன்பு காலமில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் சட்டி பானையில் பன்றி பட்டிருக்கும் என்று நினைக்கிறாரோ என்று புதுக் கோப்பையை அலுமாரியிலிருந்து எடுத்து, அவருக்கு முன்னாலேயே கழுவி, கோப்பி போட்டு வைத்தேன். மூன்று கோப்பையும் அவருக்கு முன்னால் வரிசையாக நின்றன. "அம்மா, அவரை விடுங்களேன்" என்று அறை வாசலில் நின்ற எங்கள் மகள் டேனிஷில் சொன்னாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருடம் ஒன்றாக ஒரே காரில் போய்வந்தவர், எங்கள் வீட்டில் வாய் நனைக்கமாட்டாராம்.

"மாஸ்டர், உங்களுக்கு எங்கட வீடு துப்புரவில்லையோ?" என்று கேட்டேன். டேனிஷில்தான் கேட்டேன், ஆனால் அந்தக் குரல் மன்னார்க் குரல்.

அவர் என் கணவரைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார்.

"எங்கள் ஊரில் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. பெரிய காரியம் ஒன்றைக் கேட்கப் போகிறவன், அந்த வீட்டில் வைக்கிற கோப்பியைத் தொடமாட்டான். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பான். என் சித்தப்பாவை வயல் எல்லைச் சண்டையில் பக்கத்துக் கிராமத்தான் ஒருவன் சுட்டான். எங்கள் ஊர்ச் சட்டப்படி இரத்தத்துக்கு இரத்தம். சுட்டவன் குடும்பத்து ஆம்பிளைகள் பழிக்குப் பயந்து வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்கள், வயல் தரிசாகக் கிடக்கும். எங்கள் பக்கத்தில் துவக்கு எடுக்கவேண்டிய முறை என்னுடையது. எனக்கு அப்போது கலியாணம்கூட ஆகவில்லை."

என் கணவர் நிமிர்ந்து இருந்தார்.

"அந்தக் காலத்தில் எங்கள் இளம்பிள்ளைகள் ஒரு முடிவெடுத்தார்கள். ஒருவரையொருவர் கொல்லுகிற சனத்துக்கு நாடு கிடைக்காது என்று ஊர் ஊராகப் போனார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். சிறையிலிருந்து வந்த பெண்பிள்ளை ஒருத்தியும் அவர்களோடு. அம்மா கோப்பி வைத்தா. ஒருவரும் தொடவில்லை. 'இரத்தத்தை மன்னித்துவிடுங்கள்' என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா மாட்டேன் என்றார். கோப்பி ஆறினது, எழுந்து போனார்கள். திரும்ப வந்தார்கள். திரும்பவும் ஆறினது. கடைசியில் பெரிய புல்வெளி ஒன்றில் சனம் கூடினது. இமாமும் கத்தோலிக்கக் குருவும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். அப்பா எல்லோருக்கும் முன்னால் நின்று, சனத்துக்காகவும் இளம்பிள்ளைகளுக்காகவும் மன்னிக்கிறேன் என்றார். சுட்டவனின் தகப்பன் வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். எங்களுக்குத் துவக்கு பிறகு வந்தது. நாடு அந்தப் புல்வெளியில்தான் தொடங்கினது."

மாஸ்டர் மேலும் சொன்னார். "பிறகு பள்ளிக்கூடங்களைப் பறித்தபோது, எங்கள் ஹோலிலும் வகுப்பு வைத்தோம். சித்தப்பாவைச் சுட்டவனின் மகன் எங்கள் வீட்டுத் தரையில் இருந்து என்னிடம் கணக்குப் படித்தான். கெட்டிக்காரன்."

அவர் கேட்க வந்தது என்னவென்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"நான் போகமுதல் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் அண்ணனை மன்னித்துவிடு" என்றார் மாஸ்டர்.

என் கணவர் எழுந்தார். தமிழில் என்னைப் பார்த்து, "அவருக்கு இதெல்லாம் ஆர் சொன்னது? நீர்தானே?" என்றார். பிறகு டேனிஷில் மாஸ்டரிடம், "இது உன் நாடில்லை, உன் அண்ணனுமில்லை" என்றார். வெளியே போய்க் காரைக் கழுவத் தொடங்கினார். முதல்நாள்தான் கழுவிய கார்.

மாஸ்டர் அசையாமல் இருந்தார். நானும் அவரும் மூன்று ஆறிய கோப்பைகளும். வெளியே தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. நெடுநேரம் கழித்து அவர் எழுந்து, கையை நெஞ்சில் வைத்து, "இஞ்சி வாசம் நன்றாக இருந்தது. குடிக்க ஆசைப்பட்டேன்" என்றார். தோட்டத்தில் என் கணவரைத் தாண்டிப் போகும்போதும் தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் நல்ல சண்டை. "மன்னிக்கிறது அவையின்ர வழக்கம். எனக்கு ஏலாது" என்றார் கணவர். "அவர் ஒண்டும் உங்களைச் சும்மா கேக்கேல்லை. தன்ர சித்தப்பாவின்ர ரத்தத்தை விட்டுட்டு வந்துதான் கேக்கிறார்" என்றேன் நான். "அவற்ற சித்தப்பாவைச் சுட்டவன் அந்நியன். இங்க தம்பியைத் துரோகி எண்டு சொன்னது என்ர அண்ணை" என்றார். நான் கோப்பைகளைக் கழுவி வைத்தேன்.

அதற்குப் பிறகும் மூன்று பேரும் ஒரே காரில்தான் போனோம். கணவர் மரக்காலையைச் சுற்றித்தான் ஓட்டினார். மாஸ்டர் முக்கோணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. சந்திக்குக் கிட்டப் போகும்போது மட்டும் தன் பக்கத்து யன்னலால் வெளியே பார்ப்பார். ஏதாவது சொன்னாலாவது திருப்பிச் சொல்லலாம், இதை என்ன செய்வது என்று என் கணவர் என்னிடம் எரிந்து விழுந்தார்.

ஆவணியில் அவர்கள் புறப்பட்டார்கள். பில்லுண்ட் விமானநிலையத்துக்குத் தான் கொண்டுபோய் விடுவதாக என் கணவர் சொல்லிவிட்டார். எவ்வளவு கோபமென்றாலும் எங்கள் ஆட்கள் பயணம் அனுப்பாமல் விடமாட்டார்கள். நானும் போனேன். மாஸ்டரின் மனைவி என் பக்கத்தில், மடியில் ஒரு பையோடு இருந்தா. என்னவென்று திறந்து காட்டினா, முழுக்கச் சோக்கட்டிப் பெட்டிகள். அங்கே கிடைக்குமோ தெரியாது என்றா.

பில்லுண்டுக்கும் பிராண்டேயால்தான் போகவேண்டும். சந்தி வந்தது. கணவர் திரும்பவில்லை. நேர்த்தெருவால் போனார். மாஸ்டர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் செங்கல் வீடு ஒன்றுக்கு முன்னால் கார் நின்றது.

"கொஞ்ச நேரம்தான்" என்றார் கணவர். எல்லோரும் இறங்கினோம்.

பெரியண்ணை இடுப்பில் சாரத்தோடு வந்து கதவைத் திறந்தார். நரைத்திருந்தார். அவர் நரைத்ததை நான் அன்றுதான் கண்டேன். ஒதுங்கி வழி விட்டார். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவ, கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்கு ஓடி ஐந்து தேத்தண்ணி கொண்டுவந்தா. நான் கை நீட்டப் போனேன். பார்த்தால் என் கணவர் தொடவில்லை. மாஸ்டர் தொடவில்லை. மாஸ்டரின் மனைவியும் தொடவில்லை. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

பெரியண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ன, நஞ்சு போட்டிருக்கெண்டு நினைக்கிறியளோ? குடிக்காமல் இருக்கவோ வந்தனீங்கள்?"

நான் முந்திக்கொண்டு மாஸ்டரின் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். கேட்க வந்தவன் குடிக்கமாட்டான், கிடைத்தால் குடிப்பான் என்று. பெரியண்ணை மாஸ்டரின் கோணல் கையைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"என்னத்தைக் கேக்க வந்தனீ?"

"மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல வரேல்லை. எனக்கு இன்னும் ஏலாமல் கிடக்கு" என்றார் என் கணவர். "அவன்ர பூசைக்கு வாங்கோ அண்ணை. வருசா வருசம் நான் ஒரு ஆள்தான் முழங்காலில நிக்கிறன். அவனுக்கு ரெண்டு தமையன்மார்."

பெரியண்ணை யன்னலால் தெருவைப் பார்த்தார். அந்தத் தெருவில் யார் யார் இருக்கிறார்கள், யார் யாரிடம் சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும். அக்கா குசினி வாசலிலேயே நின்றா. பெரியண்ணை திரும்பினார்.

"ஓம், வாறன்" என்றார்.

என் கணவர் கோப்பையை எடுத்தார். மாஸ்டர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மணியைப் பார்த்தார். அக்காவின் தேத்தண்ணி சீனித்தண்ணி. என் இஞ்சித் தேத்தண்ணியைத் தொடாத மனுசன் அதை அடிவரைக்கும் குடித்தார். எனக்கு அந்த நேரத்திலும் அது பொறுக்கவில்லை.

விமானநிலையத்தில், "என்ர தேத்தண்ணி இன்னும் கடன் இருக்கு, மாஸ்டர்" என்றேன். அவர் சிரித்தார். "உன் வீட்டில் நான் கேட்டது இன்னும் கிடைக்கவில்லையே" என்றார். என் கணவருக்கும் அது கேட்டது. அவர் சோக்கட்டிப் பையைத் தூக்கிக் கொடுத்தார்.

பெரியண்ணை பூசைக்கு வந்தார். கடைசி வாங்கில் இருந்தார், முடியமுதல் எழுந்து போனார். அடுத்த வருடமும் அப்படித்தான். தெருவில் கண்டால் தலையாட்டிக்கொள்வார்கள். எங்கள் கார் நேர்த்தெருவால் போகத் தொடங்கியது. அவ்வளவுதான் நடந்தது. 'துரோகி' என்ற அந்தச் சொல் மட்டும் எங்கள் ஹோலில் அப்படியே கிடந்தது.

மாஸ்டர் இடைக்கிடை தொலைபேசியில் கதைப்பார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டதைச் சொன்னார். ஒரு முறை குரலைத் தாழ்த்தி, போர் முடிந்த பிறகு தங்கள் ஆட்களும் சேர்பியர்களின் வீடுகளை எரித்ததைச் சொன்னார். "இதுக்காகவா நாங்கள் புல்வெளியில் நின்றோம்" என்றார். தன் சனத்தின் குற்றத்தைத் தானே தொலைபேசி எடுத்துச் சொல்கிற ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. என் மன்னார்ப் பக்கத்து வீட்டை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்தெட்டு மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய நாடு சுதந்திரப் பிரகடனம் செய்தது. அவர் தொலைபேசி எடுத்தார். குரல் கேட்கவில்லை, ஒரே கார் ஹோர்ன் சத்தம். பிறகு விளங்கியது, எங்களுக்குக் கேட்கட்டும் என்று ரிசீவரை யன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு நிற்கிறார். என் கணவர் அதைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அழுதேன். சந்தோசத்திலா ஆற்றாமையிலா என்று கேட்டால் இரண்டிலும்தான்.

அடுத்த வருடம் வைகாசியில் எங்கள் போர் முடிந்தது. அது எப்படி முடிந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. பிராண்டேயிலும் ஹேர்னிங்கிலும் இக்காஸ்டிலும் தமிழ் வீடுகளில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருந்தது, அடுப்பு எரியவில்லை. பெரியண்ணை நம்பிய இயக்கம் இல்லாமல் போனது. அவர் வேலைக்குப் போகவில்லை, ஒருவரோடும் கதைக்கவில்லை என்று அக்கா எனக்குச் சொன்னா. நான் என் கணவருக்குச் சொன்னேன். "நான் இப்ப போனால் பாத்துச் சிரிக்க வந்திருக்கிறன் எண்டு நினைப்பார்" என்றார்.

மாஸ்டரும் எடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆறுதல் என்று ஒன்றும் சொல்லவுமில்லை. எங்களோடு கொஞ்ச நேரம் சும்மா லைனில் இருந்தார்.

சில நாள் கழித்து, ஒரு பின்னேரம் வாசல் மணி அடித்தது. பெரியண்ணை. கோட்டுப் போட்டு, சேர்ட்டை மேல் பொத்தான்வரை பூட்டியிருந்தார். தம்பி செத்த செய்தி வந்த அன்று வெளியே போனவர், அதற்குப் பிறகு அன்றுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தார். என் கணவர் எழுந்து கதிரையைக் காட்டினார். நான் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

அவர் தொடவில்லை.

எனக்கு இந்த முறை கோபம் வரவில்லை. தட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் கணவர் கோப்பையைப் பார்த்தார், பிறகு அண்ணரைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது.

பெரியண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் கதைத்தார். "அண்டைக்கு இந்த ஹோலில ஒரு சொல் சொன்னனான். சனம் பாத்துக்கொண்டு நிக்கச் சொன்னனான். அவன் அப்பிடியில்லை. என்ர தம்பி அப்பிடியில்லை. அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க வந்தனான்." பிறகு, "நீ தராட்டில் நான் எழும்பிப் போறன். திரும்ப வருவன்" என்றார்.

தேத்தண்ணியின் மேல் ஆடை படியத் தொடங்கியிருந்தது. என் கணவர் எழுந்து போய் அண்ணருக்குப் பக்கத்தில் இருந்தார். கோப்பையைத் தன் கையால் எடுத்து நீட்டினார்.

"குடியுங்கோ அண்ணை. ஆறப்போகுது."